ஃப்ளாப்பிக்குள்ள பாட்டு இல்ல

போன செமஸ்டர் லீவுல புளியங்குடிக்குப் போயிருந்தப்போ அத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால வச்சாங்க. உள்ளே 23 ஃப்ளாப்பி. கூடவே பழைய வேட்டித் துணியில சுத்தின ஒரு பெட்டி.

"ஏலே, கம்ப்யூட்டர்லாம் படிக்கியே. மாமா பாட்டு இதுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லுவாவ. எடுத்துத் தர முடியுமால?"

மாமா பகல்ல எலுமிச்சை மண்டியில கணக்கு எழுதுவார். ராத்திரி ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு. கடையநல்லூர்ல இருந்து சிவகிரி வரைக்கும் எந்தக் கோயில் கொடைக்குக் கூப்பிட்டாலும் போவார். அவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கச்சேரி தொடங்கும்போது முதல்ல ஒரு பிள்ளையார் மெட்டு போடுவாங்களாம். வேற யாரோடதும் இல்ல, மாமாவே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து போட்டது. கேசட்ல பதிஞ்சு மேடையில ஓட விடுவாங்க. அந்த கேசட்டை யாரோ வாங்கிட்டுப் போய் திரும்பத் தரல. மிச்சம் இருக்கிறது இந்த ஃப்ளாப்பிதான்.

"ஒரு மணி நேரம் குடுங்க அத்தை"ன்னு சொன்னேன். அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரத்துல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம்.

முதல்ல நான் செஞ்ச தப்பு. ஃபைலை லேப்டாப்ல காப்பி பண்ணி, இலவசமா கிடைச்ச ஒரு மியூசிக் சாஃப்ட்வேர்ல திறந்தேன். நாலு நிமிஷப் பாட்டு, ஆனா ஃபைல் சைஸ் 31 கேபி. சிடி தரத்துல நாலு நிமிஷம்னா 42 எம்பி வரும். அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும். ப்ளே பண்ணினா எல்லாக் கருவியும் பியானோ. டோலக் வர வேண்டிய இடத்துலயும் பியானோ கட்டையில யாரோ முட்டியால இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அத்தை எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க.

விஷயம் இதுதான். மிடி ஃபைல்ல சத்தமே கிடையாது. இந்த நேரத்துல இந்த ஸ்வரத்தை இவ்வளவு அழுத்தி வாசி, இந்த நேரத்துல விடுன்னு உத்தரவு மட்டும்தான் இருக்கும். வாசிக்கிறது வெளியில இருக்கிற பெட்டி. ஃப்ளாப்பி நோட்டுப் புத்தகம்னா, பெட்டிதான் வித்வான். அதனாலதான் பாட்டை எடுக்கணும்னா ஃப்ளாப்பி மட்டும் போதாது, வேட்டியில சுத்தி வச்ச அந்தப் பெட்டியும் வேணும். அது ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55. 1991-ல வந்தது. சிங்கப்பூர்ல இருந்த மாமாவோட மச்சான் வாங்கிட்டு வந்தாராம்.

கொஞ்சம் வரலாறு. 1983 ஜனவரியில அமெரிக்காவுல நடந்த நாம் கண்காட்சியில, வேற வேற கம்பெனிகளோட ரெண்டு சிந்தசைசரை ஒரே ஒயர்ல இணைச்சு, ஒண்ணுல வாசிச்சா இன்னொண்ணு பேசுறதைக் காட்டினாங்க. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் அதுக்குப் பின்னால இருந்தவங்க. அந்த ஒயர்ல ஓடுன மொழிதான் மிடி. 30 வருஷம் கழிச்சு, 2013-ல ரெண்டு பேருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க. நம்ம ஊருக்கு அது சீக்கிரமே வந்துட்டது. 1986-ல வந்த புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம்ங்கற மியூசிக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். அப்போ அவர் குழுவுல இருந்த ஏ.ஆர்.ரஹ்மான் பின்னால என்ன செஞ்சார்ங்கறது உங்களுக்கே தெரியும். சினிமாவுல வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்க மாமா மாதிரி ஊருக்கு ஒரு ஆள் மண்டிச் சம்பளத்துல கம்ப்யூட்டர் வாங்கி உட்கார்ந்தார்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல ஃப்ளாப்பி. குற்றாலத்துல சீசன் களைகட்டுற ஜூன், ஜூலையில எங்க பக்கம் எல்லாம் ஈரக் காத்துதான். அந்த ஈரத்துல வருஷக் கணக்கா கிடந்த ஃப்ளாப்பியில பூஞ்சை பிடிக்கும். இரும்புத் தகடை விரலால தள்ளி, உள்ளே இருக்கிற வட்டத்தை வெளிச்சத்துல பாருங்க. வெள்ளையாப் புள்ளி இருந்தா டிரைவுல போடாதீங்க. அந்த ஃப்ளாப்பியும் போகும், டிரைவோட ஹெட்டும் அழுக்காகி அடுத்து போடுறதையும் கீறிடும். நல்லா இருக்கிறதுல மூலையில இருக்கிற சின்ன பிளாஸ்டிக் கட்டையை நகர்த்தி ஓட்டை தெரியிற மாதிரி வச்சுக்குங்க. அப்போ யாரும் அதுல எழுத முடியாது.

அடுத்தது, ஃபைலை காப்பி பண்ணாதீங்க. முழு ஃப்ளாப்பியையும் பிம்பமா எடுங்க. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்கு. படிக்க முடியாத செக்டரை விட்டுட்டு முதல்ல மத்ததை எடுக்கும், அப்புறம் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். 2880 செக்டர், ஒண்ணுக்கு 512 பைட், மொத்தம் 14,74,560 பைட். அந்த எண் வந்தா முழுசா வந்துட்டதுன்னு அர்த்தம். எனக்கு 23-ல 19 வந்தது. பிள்ளையார் மெட்டு 14-வது ஃப்ளாப்பியில இருந்தது. இந்த பிம்பத்தை ஒரு ஓரமா வச்சுட்டு, எந்த மாத்தமும் அதோட நகல்ல மட்டும் செய்யுங்க. இதை எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு கடைசியில தெரியும்.

அடுத்து கரண்ட். எஸ்சி-55-க்கு 9 வோல்ட் டிசி அடாப்டர். அடாப்டர் தொலைஞ்சு போயிருந்தது. வீட்டுல ரவுட்டரோட 9 வோல்ட் அடாப்டர் இருந்தது, பின் சரியாப் பொருந்துச்சு. சொருகப் போறப்போ ஹாஸ்டல் அறைத்தோழன், இசிஇ-காரன், வீடியோ கால்ல கத்தினான்: "டேய், போலாரிட்டி பார்த்தியா?" பார்க்கல. ரவுட்டர் அடாப்டர்ல நடுவுல பாசிட்டிவ். இந்தப் பெட்டிக்கு நடுவுல நெகட்டிவ் வேணும். மல்டிமீட்டர் வச்சுப் பார்க்காம எந்தப் பழைய பெட்டிக்கும் கரண்ட் கொடுக்காதீங்க. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கு வந்த சில மாடல்கள்ல நேரடி மெயின்ஸ் ஒயர் இருக்கும். அது 100 வோல்ட்டுக்கானது. நம்ம 230-ல போட்டா புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடாதீங்க.

ஆன் பண்ணினதும் ஆரஞ்சு வெளிச்சத்துல திரை எரிஞ்சது. அத்தை "இதைப் பாத்து எத்தன வருஷமாச்சு"ன்னாங்க.

பெட்டியையும் லேப்டாப்பையும் இணைக்கிறது எப்படி? அந்தக் காலத்துல சவுண்ட் கார்டுல ஜாய்ஸ்டிக் சொருகுற 15 பின் கேம் போர்ட் இருக்கும். அதுலயே மிடி ஒயரும் வரும். விண்டோஸ் விஸ்டாவோட கேம் போர்ட் ஆதரவு போயிட்டது. இப்போ யுஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ்தான் வழி. இங்க கஞ்சத்தனம் பண்ணினா மாட்டிப்பீங்க, நான் மாட்டினேன். ஆன்லைன்ல ரொம்ப மலிவா ஒரு ஒயர் வாங்கினேன். சாதாரண ஸ்வரங்களை ஒழுங்கா அனுப்பும். நீளமான செய்தி வந்தா நடுவுல பைட்டை முழுங்கிடும். அந்த நீளமான செய்திகள்தான் இந்தப் பெட்டிகளுக்கு உயிர். கூடவே, மிடி விதிப்படி வாங்குற பக்கத்துல ஆப்டோகப்ளர் இருக்கணும். ரெண்டு கருவியோட மின்சாரமும் ஒண்ணோட ஒண்ணு தொடாம, வெளிச்சத்தால தகவல் தாண்டும். மலிவு ஒயர்கள் சிலதுல அந்தச் சில்லையே விட்டுடுவாங்க. கடைசியில நண்பன் ஒருத்தன்கிட்ட நல்ல இன்டர்ஃபேஸ் கடன் வாங்கினேன்.

இன்னொரு சின்னக் குழப்பம். கம்ப்யூட்டரோட அவுட், பெட்டியோட இன்-ல போகணும். சில ஒயர்கள்ல 'இன்'னு எழுதியிருக்கிறதுக்கு 'பெட்டியோட இன்-ல சொருகு'ன்னு அர்த்தம். சத்தம் வரலைன்னா ரெண்டையும் மாத்திப் போடுங்க. ஒண்ணும் கெட்டுப் போகாது.

இனி சாஃப்ட்வேர். மாமா வச்சிருந்தது விண்டோஸ் 95-ல கேக்வாக். அதோட ஃபைல் டபிள்யூஆர்கே-ன்னு முடியும். இப்போ அதைத் திறக்க ட்ரம்ஸ்டிக் மிடி ஃபைல் ப்ளேயர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. இல்லைன்னா விர்ச்சுவல் மெஷின்ல பழைய விண்டோஸைப் போட்டு, பழைய கேக்வாக்லயே திறந்து, பொதுவான மிட் ஃபைலாச் சேமிக்கலாம். மாமா சில பாட்டுகளை ரெண்டு வடிவத்துலயும் வச்சிருந்தார். புண்ணியவான்.

ப்ளே பண்ணினேன். டோலக் வந்தது. பேஸ் வந்தது. தந்தி வந்தது. நாயனம் வரல. அது வர வேண்டிய இடத்துல டிங் டிங்னு ஒரு மணி.

இதுக்குக் காரணம் எளிமையானது. 1991-ல ஜெனரல் மிடின்னு ஒரு பொது விதி வந்தது. 128 கருவிக்கு நிலையான எண், தாளக் கருவி எல்லாம் 10-வது சேனல்ல. 105 சிதார், 112 ஷெனாய், 113 டிங்கிள் பெல். நம்ம கருவிகள்ல மிருதங்கம், தபலா, நாதஸ்வரம் எதுவும் பட்டியல்ல இல்ல. மாமா நாயனத்துக்கு ஷெனாயையும், டோலக்குக்கு 60-ல இருந்து 64 வரைக்கும் இருக்கிற பாங்கோ, காங்கோ சத்தத்தையும் வச்சு ஒப்பேத்தியிருந்தார். ஆனா ஒயர்ல போற எண் 0-ல தொடங்கும், மனுஷனுக்குக் காட்டுற எண் 1-ல தொடங்கும். சில மென்பொருள் 0-ல இருந்து காட்டும், சிலது 1-ல இருந்து. நான் டிராக்கை வேற மென்பொருளுக்கு மாத்தும்போது 112-ன்னு டைப் பண்ணினேன். அது 0 கணக்குல எண்ணும் மென்பொருள். பெட்டிக்குப் போனது 113. 111-ன்னு மாத்தினதும் நாயனம் வந்தது. அதே நேரத்துல, இன்னொரு சேனல்ல பாட்டோட தொடக்கத்துல தனியா ஒரே ஒரு ஸ்வரம் 113-ல இருந்ததைப் பார்த்தேன். இதுவும் அதே குழப்பம்தான்னு நினைச்சு அதையும் ஷெனாயா மாத்தினேன். பொருத்தமே இல்லாம ஒரு பிளிறல். அழிச்சுட்டேன்.

நாயனம் வந்தது, ஆனா அழுதது. கமகம் எல்லாம் சப்பையா இருந்தது. ச-வுல இருந்து அந்தர காந்தாரத்துக்கு ஏற வேண்டிய இழுவை, ரிஷபத்தைக்கூடத் தொடாம நின்னுச்சு. இதைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு வாரம் போச்சு. விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இந்தியப் பாட்டு போட்டவங்க எல்லார் ஃபைல்லயும் இது வரும்.

மிடியில இழுவைக்கு பிட்ச் பெண்ட்னு ஒரு செய்தி. நடுவுல இருந்து மேல சுமார் 8,192 படி, கீழ அதே அளவு. அந்தப் படிகள் எத்தனை ஸ்வர தூரத்தைக் குறிக்கும்னு பெட்டிக்குத் தனியாச் சொல்லணும். ஒண்ணும் சொல்லலைன்னா ரெண்டு அரைஸ்வரம். நம்ம கமகத்துக்கு அது பத்தாது. அதனால மாமா பாட்டோட தொடக்கத்துல '12 அரைஸ்வரம்'னு ஒரு உத்தரவு போட்டு, அந்தக் கணக்குல எல்லா இழுவையையும் எழுதியிருந்தார். ச-வுல இருந்து அந்தர காந்தாரம் நாலு அரைஸ்வரம். 12-ல 4 பங்குன்னா சுமார் 2,731 படி. ஆனா பெட்டி இன்னும் ரெண்டு அரைஸ்வரக் கணக்குலயே இருந்தா, அதே 2,731 படி முக்கால்கூட இல்ல, மூணுல ரெண்டு பங்கு அரைஸ்வரம்தான் ஏறும். நான் கேட்டது அதைத்தான். ஆக, 12-ங்கற உத்தரவு பெட்டிக்குப் போய்ச் சேரல. ஃபைல்ல இருக்கு. ஒயர்லயும் போகுது. பெட்டி கேக்கல.

ஏன் கேக்கல? அதுக்கு முந்தின செய்தியைப் பாருங்க. பாட்டு தொடங்கும்போது பெட்டியைச் சுத்தமாத் துடைச்சுப் புதுசாக்க ஜிஎஸ் ரீசெட்னு ஒரு செய்தி அனுப்புவாங்க. தசம எண்ல எழுதினா: 240, 65, 16, 66, 18, 64, 0, 127, 0, 65, 247. 65 ரோலண்டோட அடையாள எண். கடைசிக்கு முந்தின 65 சரிபார்ப்பு எண். 64-ம் 127-ம் கூட்டினா 191. 128-ஆல வகுத்தா மீதி 63. 128-ல இருந்து 63 போனா 65. இதுல ஒரு பைட் தப்பா வந்தாலும் பெட்டி மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடும். மலிவு ஒயர் ஏன் ஆகாதுன்னு இப்போ புரியுதா?

மிடி வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட், அதாவது 320 மைக்ரோசெகண்ட். 11 பைட் ரீசெட் போய்ச் சேர 3.5 மில்லிசெகண்ட். ஆனா அந்த ரீசெட்டைச் செஞ்சு முடிக்க பெட்டிக்குச் சுமார் 50 மில்லிசெகண்ட் வேணும். எனக்குக் கிடைச்ச மிட் ஃபைல்ல ரீசெட், இழுவை உத்தரவு, கருவி எண் எல்லாமே முதல் டிக்குலயே வரிசையா உட்கார்ந்திருந்தது. பெட்டி குளிச்சுக்கிட்டு இருக்கும்போது கதவைத் தட்டி விஷயம் சொன்ன கதை. ரீசெட் முடிஞ்சப்போ இழுவை ரெண்டு அரைஸ்வரத்துலயே நின்னுச்சு.

மாமாவுக்கு மட்டும் எப்படி வேலை செஞ்சது? கேக்வாக்ல இந்த மாதிரி நீளச் செய்திகளைத் தனி பேங்க்ல வச்சு, ஃபைலைத் திறக்கும்போதே தானா அனுப்புற மாதிரி வைக்கலாம். அவர் ஃபைலைத் திறந்து, டீயை ஒரு மடக்கு குடிச்சுட்டு ப்ளே அழுத்துறதுக்குள்ள பெட்டி தயாராகியிருக்கும். அந்த இடைவெளி எந்த ஃபைல்லயும் எழுதியிருக்காது.

தீர்வு: பாட்டுக்கு முன்னால ஒரு வெத்து அளவு சேர்த்து, ரீசெட்டை அதோட தொடக்கத்துல வச்சு, மத்த உத்தரவுகளைத் தள்ளி வைங்க. நிமிஷத்துக்கு 120 அடி வேகத்துல, அடிக்கு 480 டிக்னா, 50 மில்லிசெகண்ட்ங்கறது 48 டிக். நான் தாராளமா 240 டிக் விட்டேன். நடுவுல இருந்து ப்ளே பண்ணிப் பார்க்காதீங்க, அப்பவும் இந்த உத்தரவுகள் போகாம இருக்க வாய்ப்பு இருக்கு.

உங்ககிட்ட இருக்கிறது வேற பெட்டின்னா சில வார்த்தை. ரோலண்ட் எம்டி-32 1987-ல வந்தது, ஜெனரல் மிடிக்கு முந்தினது. அதோட கருவி எண்களே வேற. அதுக்கு எழுதின ஃபைலை எஸ்சி-55-ல போட்டா அபத்தமா இருக்கும், மாத்திப் போட்டாலும் அப்படியே. அதோட முதல் பதிப்புக்கு நீளச் செய்திகளை வேகமா அனுப்பினா திணறி, திரையில பிழைச் செய்தி காட்டும். டாஸ் காலத்து மென்பொருள்னா, பலது ரோலண்டோட எம்பியு-401 கார்டை 'இன்டெலிஜென்ட்' முறையில எதிர்பார்க்கும். பின்னால வந்த சவுண்ட் கார்டுகள்ல பெரும்பாலும் எளிமையான யுஏஆர்டி முறை மட்டும்தான். சாஃப்ட்எம்பியு-ன்னு ஒரு சின்ன டாஸ் நிரல் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும். அடாரி எஸ்டி கம்ப்யூட்டர்ல பாட்டு போட்டவங்க ஃப்ளாப்பி கிடைச்சா, ஹாடரி எமுலேட்டர் மிடியையும் வெளியில அனுப்பும்.

பெட்டியே இல்லைன்னா? எம்டி-32-க்கு மன்ட், எஸ்சி-55-க்கு நியூக்ட் எஸ்சி-55-ன்னு எமுலேட்டர்கள் இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கிற ரோம் சில்லுகளோட உள்ளடக்கம் தனியா வேணும். அது ரோலண்டோட சொத்து, அதை மறக்காதீங்க. விண்டோஸ்ல கூடவே வர்ற மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் சிந்த் ரோலண்ட் ஒலிகளை வச்சதுதான், ஆனா ஒலிகளைச் சுருக்கி வச்சது. அவசரத்துக்கு உதவும். பாட்டு என்னன்னு தெரிஞ்சுக்கலாம். மாமா என்ன கேட்டார்ங்கறது தெரியாது.

சத்தம் சரியா வந்த அன்னைக்கே பதிஞ்சுடுங்க. பெட்டிக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டருக்கு முப்பது வயசு தாண்டிட்டது, நாளைக்கு எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். முழுப் பாட்டையும் ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா. எஸ்சி-55 ஒரே நேரத்துல 24 குரல்தான் எழுப்பும், அதுக்கு மேல போனா பழையதை வெட்டும். தனித்தனியாப் பதிஞ்சா அந்த வெட்டு இருக்காது. ஆனா அந்த வெட்டோடதான் மாமா கேட்டிருப்பார். அதனால முழுப் பதிவும் வேணும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அத்தையைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் போட்டேன். நாலு நிமிஷமும் அசையாம கேட்டாங்க. முடிஞ்சதும் முந்தானையால கண்ணைத் துடைச்சுட்டு,

"எல்லாம் சரிதான் மக்கா. மொதல்ல ஒரு மணி அடிக்குமேல, அது எங்க? அந்த மணியக் கேட்டுத்தான் சனம் வந்து உக்காரும்."

பிம்பத்தைத் திறந்தேன். 14-வது ஃப்ளாப்பி, அஞ்சாவது சேனல், கருவி எண் 113, ஒரே ஒரு ஸ்வரம். நான் தப்புன்னு நினைச்சு அழிச்சது. திரும்ப அதே இடத்துல வச்சு, முதல்ல இருந்து இன்னொரு தடவை பதிஞ்சேன்.